208 விநாடிகளின் சம்பளம்

2009ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் இரண்டு எஞ்சின்களும் பறவைகள் மோதிச் செயலிழந்தன. 208 விநாடிகளில் விமானம் ஹட்சன் ஆற்றின் மேல் இறங்கியது. உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். சரியாக நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 12 இரவு, நியூ ஜெர்சியின் நுவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன கோல்கன் ஏர் விமானம், தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

முதல் விமானத்துக்கு 2016இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். டாம் ஹாங்க்ஸ் கேப்டன் சல்லன்பர்கராக நடித்த 'சல்லி'. இரண்டாவது விமானத்துக்குக் கிடைத்தது பிபிஎஸ் தொலைக்காட்சியின் ஓர் ஆவணப்படம். 2010இல் வந்த அதன் பெயர் 'ஃப்ளையிங் சீப்'. முதலாவதை உலகமே பார்த்தது. இரண்டாவதைப் பார்த்தவர் ஒருவரைக்கூட நான் நேரில் சந்தித்ததில்லை.

காப்பாற்றியவன் கதையைக் கேட்கத்தான் யாருக்கும் பிடிக்கும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த இரண்டு விமானங்களும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்பது என் எண்ணம். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டியதால், அந்தப் பக்கமே தவறாக வாசிக்கப்பட்டுவிட்டது.

'சல்லி' மோசமான படம் இல்லை. ஈஸ்ட்வுட் வளவளவென்று பேசுகிற ஆளில்லை. 96 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஆற்றில் இறங்கும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார், ஒவ்வொரு முறையும் வேறொரு கோணத்தில். முடிவு தெரிந்த சம்பவத்திலும் நம் உள்ளங்கை வியர்க்கிறது. படத்தில் மோதல் வேண்டுமே, அதற்காக விபத்து விசாரணை வாரியத்தை வில்லனாக்கியிருக்கிறார். விமானத்தை ஏன் ஓடுபாதைக்குத் திருப்பவில்லை, கணினி திருப்பிக் காட்டுகிறதே என்று அவர்கள் குடைகிறார்கள். நிஜத்தில் விசாரணை இவ்வளவு பகையோடு நடக்கவில்லை என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளே வருத்தப்பட்டார்கள். கடைசியில் சல்லன்பர்கர் ஒன்று கேட்கிறார்: மனிதன் திகைத்து, யோசித்து, முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை உங்கள் கணக்கில் சேர்த்தீர்களா? 35 விநாடி சேர்த்துப் பார்க்கிறார்கள். ஓடுபாதைக்குத் திருப்பிய விமானங்கள் எல்லாம் நொறுங்குகின்றன. மனிதன் ஜெயிக்கிறான்.

அருமையான காட்சிதான். ஆனால் அந்த 35 விநாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று படம் கேட்கவில்லை. அப்போது சல்லன்பர்கருக்கு 57 வயது. விமானப்படையில் இருந்தவர், 1980இலிருந்து பயணிகள் விமானம் ஓட்டுகிறார், ஏறத்தாழ 20,000 மணி நேரம் பறந்தவர். விமானிகள் சங்கத்தில் பாதுகாப்புப் பணிகளைப் பார்த்தவர். பயிற்சியும் படிப்பும் அனுபவமுமாகத் தன் வங்கிக் கணக்கில் 42 ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் போட்டுவந்ததை அன்றைக்கு மொத்தமாக எடுத்தேன் என்ற பொருளில் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அந்தக் கணக்கு எங்கே திறக்கப்பட்டது? நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம், சங்கம், உடம்பு முடியாத நாளில் 'இன்றைக்கு வரமுடியாது' என்று சொல்லும் உரிமை இவையெல்லாம் இருந்த ஒரு தொழிலில்.

இது என் வியாக்கியானம் மட்டும் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி, அதாவது கோல்கன் விபத்து நடந்து 12 நாள் கழித்து, அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு முன்னால் சல்லன்பர்கர் சாட்சியம் சொன்னார். பாராட்டு விழா மாதிரி ஆரம்பித்த அவையில் அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசினார். தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது என்றார். ஓய்வூதியம் ஒழிக்கப்பட்டு, பதிலாகக் கிடைத்தது டாலருக்குச் சில காசு என்கிற அளவில்தான் என்றார். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். 1978இல் அமெரிக்க அரசு கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு மலிவுப் போட்டியில் திணறிய பழைய நிறுவனங்களில் அவருடையதும் ஒன்று. 2002இலும் 2004இலும் இரண்டு தடவை திவால் பாதுகாப்புக்குப் போனது. நீதிமன்ற வாசலில் வைத்து வெட்டப்பட்டவற்றில் அவருடைய ஓய்வூதியமும் உண்டு.

படத்தில் இது எங்கே? மனைவியுடன் பேசும் தொலைபேசிப் பேச்சில் கொஞ்சம் பணக்கவலை தலைகாட்டிவிட்டு மறைகிறது. அது ஒரு குடும்பத்தின் சொந்தக் கஷ்டமாக வருகிறது, தொழிலின் கதையாக வரவில்லை. தமிழில் சல்லி என்றால் காசு. இலங்கைத் தமிழர் பலர் இன்றும் பணத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். 'சல்லி' என்று பெயர் வைத்த படத்தில் சல்லிக்காசைப் பற்றிப் பேச்சில்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இப்போது மறுபக்கம். கோல்கன் ஏர் ஓர் ஒப்பந்த நிறுவனம். பயணிகள் வாங்கிய டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல், ஓட்டியது கோல்கன். பெரிய நிறுவனம் தன் சிறு வழித்தடங்களைக் குறைந்த விலைக்கு வெளியே கொடுத்துவிடும் ஏற்பாடு இது. துணை விமானிக்கு 24 வயது. சியாட்டிலில் பெற்றோர் வீட்டில் இருந்தவர், வேலைக்காக நாட்டின் குறுக்கே இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு நுவார்க் வந்து சேர்ந்தார். கேப்டன் முந்தைய இரவை விமான நிலையத்தின் ஊழியர் ஓய்வறையில் கழித்திருந்தார். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் பேச்சு வந்தது. இல்லை, அதைவிடக் கூடுதல் என்று நிறுவனம் பிறகு விளக்கம் கொடுத்தது.

கருப்புப் பெட்டியில் பதிவான ஓர் உரையாடல்தான் என்னை விடாமல் துரத்துகிறது. அவருக்குச் சளி பிடித்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் கேப்டனிடம் சொல்கிறார்: இப்போது உடம்பு சரியில்லை என்று சொன்னால், சரியாகும்வரை ஓட்டலில் அறை எடுத்துத் தங்கவேண்டும், அது தன் செலவு. அதனால் பறந்துவிடலாம் என்கிற பேச்சு.

விசாரணை வாரியத்தின் முடிவை நேர்மையாகச் சொல்லவேண்டும். விமானம் வேகம் இழக்கிறது என்று எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டார், அதுவே காரணம் என்றது அறிக்கை. களைப்பு இருவரின் செயல்பாட்டையும் பாதித்திருக்கலாம், ஆனால் எந்த அளவு என்று அளக்க முடியவில்லை என்றும் சொன்னது. ஆகவே குறைந்த சம்பளம்தான் 50 பேரைக் கொன்றது என்று எழுதினால் அது பொய். நான் சொல்வது வேறு. ஒரு விமானி 'இன்றைக்கு என்னால் முடியாது' என்று சொல்ல நினைத்த கணத்தில், ஓட்டல் அறை வாடகையை மனக்கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்த மனக்கணக்கு எந்த விமானி அறைக்குள்ளும் நுழையக் கூடாத ஒன்று. ஹட்சனில் இறங்கிய விமானத்தில் அது இல்லை. இதைத்தான் 'சல்லி' சொல்லியிருக்க வேண்டும்.

*

ஈஸ்ட்வுட்டை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. விமானி என்றாலே வானத்தில் தனியாக நிற்கும் மனிதன் என்ற படிமம் அவருக்கு வெகுகாலம் முன்பே இலக்கியத்தில் உருவாகிவிட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், 'குட்டி இளவரசன்' மூலம் நமக்கு நெருக்கமான அந்த்வான் து செந்த் எக்சுபெரி.

அவர் 1931இல் எழுதிய 'நைட் ஃப்ளைட்' நாவலைச் சமீபத்தில் மறுபடி வாசித்தேன். ஓர் இரவில் நடக்கும் கதை. பூனஸ் அய்ரெஸ் நகருக்கு மூன்று திசையிலிருந்து தபால் விமானங்கள் வரவேண்டும். பட்டகோனியாவிலிருந்து வரும் ஃபாபியனின் விமானம் புயலில் சிக்குகிறது. கீழே அலுவலகத்தில் நிறுவனத்தை நடத்தும் ரிவியேர் காத்திருக்கிறான். ஃபாபியனின் மனைவி வந்து நிற்கிறாள். ஃபாபியன் திரும்பவில்லை. ஆனாலும் ஐரோப்பாவுக்கான அடுத்த விமானம் கிளம்புகிறது, ரிவியேர் நிறுத்தச் சொல்லவில்லை.

முதல் முறை படித்தபோது நான் ஃபாபியனோடு மேகத்துக்கு மேலே இருந்தேன். இந்த முறை கீழே, ரிவியேரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கே வேறொரு நாவல் இருக்கிறது. தாமதமாகக் கிளம்பினால் விமானியின் ஊக்கத்தொகை வெட்டப்படும். மூடுபனியால் தாமதமானால்? அப்போதும் வெட்டப்படும். ரொப்லே என்று ஒரு கிழட்டு மெக்கானிக். அர்ஜென்டினாவின் முதல் விமானத்தைப் பொருத்தியவன் என்ற பெருமை உள்ளவன். ஒரே ஒரு தவறுக்காக ரிவியேர் அவனைத் தூக்கிவிடுகிறான். அநியாயம் என்று ரிவியேருக்கே தெரியும். மனிதர்களைக் களிமண்ணாகப் பிசைந்து அவர்களைவிடப் பெரிதான ஒன்றை ஆக்குவதாக அவன் நம்புகிறான்.

எக்சுபெரி பொய் சொல்லவில்லை. அவரே அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஊக்கத்தொகை வெட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் கூலிக் கேள்வி எழும் ஒவ்வொரு இடத்திலும் நாவல் அதைக் கடமை, தியாகம், நித்தியம் என்று மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ரொப்லே கீழேயே நின்றுவிடுகிறான். பறப்பதே ஒரு பேறு, அதற்குக் கூலி கேட்பது சின்னத்தனம் என்ற உணர்வு புத்தகத்தை மூடிய பிறகும் வாசகனிடம் மிஞ்சுகிறது.

அந்த உணர்வைப் பிற்காலத்தில் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கவிஞர்கள் அல்ல, நிர்வாகிகள்.

*

ஐரோப்பாவின் மிகப் பெரிய மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏர் இதைப் பல ஆண்டுகள் ஒரு முறையாகவே நடத்தியது. அதன் விமானிகளில் பெரும் பகுதியினர் அதன் ஊழியர்கள் இல்லை. வேலைக்குச் சேரும் இளைஞரிடம், வேறு சில விமானிகளோடு சேர்ந்து அயர்லாந்தில் ஒரு சின்ன கம்பெனியின் இயக்குநராகும்படி சொல்வார்கள். அந்தக் கம்பெனி ஓர் ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும். ஏஜென்சி விமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும். நீலச் சீருடையில் வந்து 'வணக்கம், உங்கள் கேப்டன் பேசுகிறேன்' என்று சொல்கிறவர் சட்டப்படி ஒரு முதலாளி! அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, நோய்க்கால ஊதியம் கிடையாது. பறந்த மணிக்குத்தான் காசு. அந்த மணியும் விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும்போது தொடங்கி, போய் நிற்கும்போது முடியும். அதற்கு முன்னால் வானிலை பார்ப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது, தாமதமான விமானத்துக்காக உட்கார்ந்திருப்பது எல்லாம் கணக்கில் வராது. அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கான பயிற்சிக்கு ஏறக்குறைய 30,000 யூரோவைச் சேரும்போதே அவர் கட்டியிருப்பார்.

இது ஒரே நிறுவனத்தின் கோணல்புத்தி என்று தள்ளிவிட முடியாது. கென்ட் பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவியோடு 6,600க்கும் அதிகமான விமானிகளிடம் கேட்டு 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆறில் ஒருவருக்கு மேல் நேரடி வேலை ஒப்பந்தம் இல்லாமல் பறக்கிறார். 20 முதல் 30 வயதுக்காரர்களில் அது 40 சதவீதம். 'சுயதொழில்' செய்வதாகச் சொல்லப்பட்ட விமானிகளில் பத்தில் ஏழு பேர் மலிவுக் கட்டண நிறுவனங்களுக்குத்தான் ஓட்டினார்கள்.

2017 செப்டம்பரில் ரயன்ஏரின் பணி அட்டவணை குலைந்தது. விமானிகளுக்கு விடுப்பு கொடுக்க வேண்டிய கணக்கைச் சரியாகப் போடவில்லை. முதலில் ஆறு வாரத்துக்கு, பிறகு குளிர்காலம் முழுக்க என்று மொத்தம் சுமார் 20,000 விமானங்கள் ரத்தாயின. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். அந்தச் சமயத்தில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத் தலைவர் மைக்கேல் ஓ'லியரி, குறுகிய தூரம் ஓட்டும் விமானிகளுக்குக் களைப்பு என்ற ஒன்றே கிடையாது என்றார். சட்டப்படி ஆண்டுக்கு 900 மணிக்கு மேல் ஓட்ட முடியாது. வாரத்துக்கு 18 மணி. இதில் எங்கிருந்து களைப்பு வருகிறது என்பது அவர் வழக்கமாகப் போடும் கணக்கு.

இந்த 18 மணிக் கணக்கு, ஒரு நடிகர் திரையில் வருவது இரண்டரை மணி நேரம்தானே, அதற்குள் என்ன அலுப்பு என்று கேட்பது மாதிரி. சக்கரம் உருண்ட நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு மீதியை இல்லாததாக்கும் வித்தை. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. களைப்பைக் கணக்குப் போடும்போது அந்த நேரத்துக்கு இருப்பும் இல்லை. ரிவியேராவது மூடுபனிக்காக ஊக்கத்தொகையை வெட்டும்போது இரவெல்லாம் தூங்காமல் விமானத்துக்குக் காத்திருந்தான்.

விமானிகள் விடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் தன் வரலாற்றில் முதல்முறையாக விமானிகள் சங்கங்களை அங்கீகரிக்கச் சம்மதித்தது. 2018 ஆகஸ்டில் ஒரே நாளில் பல நாடுகளில் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு பல நாடுகளில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நிலைமை முன்போல் இல்லை. ஆனால் மாதிரி அங்கே பிறந்து, வளர்ந்து, வேறு ஊர்களுக்குப் பிழைக்கப் போய்விட்டது.

*

போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்றில் என் அக்கா மகன் வேலை பார்க்கிறான். வெளிநாட்டில் ஒரு மலிவுக் கட்டண நிறுவனம், ஏஜென்சி மூலம் போனவன். போன தடவை திருச்சி வந்திருந்தபோது சொந்தக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழா. அங்கே எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். 'மாசம் எத்தனை லட்சம்ப்பா வரும்?' என்று ஒரு பெரியவர் கேட்டார். அவன் சிரித்து மழுப்பினான். சாப்பாடு முடிந்து மொட்டை மாடிக்குப் போனோம்.

"ஏன்டா, சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல மாமா? எனக்கு மாசச் சம்பளமே கிடையாது. சக்கரம் உருண்டாத்தான் மீட்டர் ஓடும்."

"ஆட்டோ மாதிரியா?"

"ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் வாங்குவார் மாமா."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவன் படிப்புக்காக அக்கா வீட்டின் பேரில் வாங்கிய கடன் இன்னும் பாதிகூட முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

"உடம்பு முடியலன்னா லீவு சொல்லலாம்ல?"

"தாராளமா சொல்லலாம். யாரும் ஒரு வார்த்தை திட்ட மாட்டாங்க. அடுத்த மாச ரோஸ்டர் மட்டும் இளைச்சுப் போயிருக்கும்."

இளைச்சுப் போயிருக்கும். நான் படித்த எந்த ஆய்வறிக்கையைவிடவும் அந்த ஒரு சொல் எனக்கு விஷயத்தை விளக்கியது. மிரட்டல் இல்லை, மெமோ இல்லை, ரிவியேர் மாதிரி எதிரில் நிற்கும் முதலாளியும் இல்லை. வெறுமனே ஒரு மெலிந்த அட்டவணை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அவன் ஏஜென்சியைக் கேட்டால் நிறுவனத்தைக் காட்டும், நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்சியைக் காட்டும்.

கிளம்பும்போது அவனிடம் கேட்டேன், "அப்புறம் ஏன்டா இதுலயே இருக்க?" அவன் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்: "விடியக்காலைல மேகத்துக்கு மேல ஏறுறப்போ பாக்கணும் மாமா. அதுக்குன்னே இருக்கேன்."

எக்சுபெரி அவனுக்குள் இருக்கிறார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தைத்தான் யாரோ அவன் கூலியிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். கற்பிக்கப் பிடித்த ஆசிரியருக்கு, எழுதப் பிடித்த எழுத்தாளருக்கு, நோயாளியைப் பார்க்கப் பிடித்த நர்சுக்கு நடப்பதுதான் இது. பிடித்த வேலை என்பதே தள்ளுபடிக் கூப்பனாகிவிடுகிறது.

*

நம்முடைய 'சூரரைப் போற்று' படத்தையும் இந்த இடத்தில் பேசியாக வேண்டும். சுதா கொங்கரா இயக்கி 2020இல் வந்து, சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகள் வாங்கியது. ஏர் டெக்கான் நிறுவனத்தை 2003இல் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையை ஒட்டிய கதை. சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க டிக்கெட்டுக்குக் காசு போதாமல் சூர்யா விமான நிலையத்தில் கையேந்தும் காட்சியில் நான் அழுதேன். இப்போது பார்த்தாலும் அழுவேன்.

மலிவு டிக்கெட்டை ஏளனம் செய்யும் கூட்டத்தில் நான் இல்லை. ஒரு காலத்தில் விமானம் ஏறியது யார், ஏறாதது யார் என்று நமக்குத் தெரியும். கிராமத்து ஆட்கள் வேட்டி சேலையோடு விமானத்தில் உட்காரும் அந்தக் கடைசிப் பகுதியின் நெகிழ்ச்சி உண்மையானது. ஆனால் விமர்சகன் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு ஒன்று கேட்க வேண்டும். செலவை எங்கே குறைத்தார்கள்? எரிபொருளும் விமானமும் விமான நிலையக் கட்டணமும் எல்லா நிறுவனத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. சாப்பாட்டை நிறுத்தலாம், விமானத்தைச் சீக்கிரம் திருப்பி அனுப்பலாம். அதற்கும் மேலே குறைக்க மிஞ்சுவது மனிதர்கள். படம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. அதன் உலகத்தில் முதலாளி கனவு காண்கிறான், எதிரி இன்னொரு முதலாளி, மக்கள் பயணிகள். இவர்களுக்கு நடுவே வேலை பார்ப்பவன் என்ற ஆளுக்குக் கதையில் இடமில்லை.

படத்துக்கு வெளியே அவனுக்கு நடந்தது ஊருக்கே தெரியும். ஏர் டெக்கானை வாங்கிய கிங்ஃபிஷர், மாதக்கணக்கில் சம்பளம் தராமல் 2012 அக்டோபரில் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோதும் விமானிகளுக்குச் சம்பள பாக்கி. ஆனால் விமானி வேலையை விட்டுப் போக வேண்டும் என்றால்? 2017இல் வந்த விதிப்படி கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நிறுவனம் ஒரே ராத்திரியில் கையை விரிக்கலாம்.

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானது நினைவிருக்கும். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்து வந்த புதிய விதிகள் அந்த ஆண்டில்தான் இரண்டு கட்டமாக அமலாயின. விமானிகள் சங்கங்கள் நீதிமன்றப் படியேறி வாங்கிய விதிகள் அவை. போதிய ஆட்களோடு தயாராக இல்லாதது நிறுவனம். கடைசியில் என்ன நடந்தது? அந்த நிறுவனத்துக்கு விதியிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்தது. விமான நிலையத் தரையில் படுத்திருந்த பயணிகளின் படங்களை எல்லாச் சேனலும் காட்டின. அது தேவையான படம்தான். அந்த விதி எதற்காக வந்தது என்பதைக் காட்டும் படம் நம்மிடம் இல்லை. இல்லாததற்கு நம் கலையும் ஒரு காரணம்.

*

'பைலட்டுக்காக எல்லாம் கண்ணீர் விடச் சொல்கிறீர்களா? தூய்மைப் பணியாளர் சம்பளத்தைப் பற்றி எழுதுங்கள்' என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்வி. பெரிய நிறுவனத்தின் மூத்த கேப்டன் நம்மில் பலர் கனவு காண முடியாத சம்பளம் வாங்குகிறார் என்பது உண்மை. அந்த மூத்த கேப்டனின் படத்தைக் காட்டித்தான் இருபத்தைந்து வயதுப் பையன்கள் வீட்டை அடமானம் வைக்கிறார்கள் என்பதும் உண்மை.

கண்ணீரைப் பற்றி ஒரு படம் எச்சரிக்கிறது. மைக்கேல் மூரின் 'கேப்பிட்டலிசம்: எ லவ் ஸ்டோரி', 2009இல் வந்தது. ஈஸ்ட்வுட் விட்டுவிட்டதையெல்லாம் மூர் ஏழு வருடம் முன்பே காட்டிவிட்டார். உணவு மானியத்தில் வாழ்ந்த விமானி, பிளாஸ்மா விற்ற விமானி, கோல்கன் விபத்து, சல்லன்பர்கரின் சாட்சியம் எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் அந்தப் பகுதி எனக்குள் தங்கவில்லை. மூர் நம்மை 'அடப்பாவமே' சொல்ல வைத்துவிட்டு அடுத்த அநியாயத்துக்குப் போய்விடுகிறார். ஒருவர் விமானியைத் தெய்வமாக்குகிறார், இன்னொருவர் பரிதாபமாக்குகிறார். இரண்டு படத்திலும் வேலை என்பது காணாமல் போகிறது. பரிதாபம் விமானிக்குத் தேவையில்லை. 'இன்றைக்கு என்னால் முடியாது' என்று செலவில்லாமல் சொல்லும் உரிமைதான் அவருக்குத் தேவை. அது விமானிக்கான சலுகை இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் நூற்றுச் சொச்சம் பேருக்கான காப்பீடு. தூய்மைப் பணியாளருக்கும் அதே உரிமைதான் வேண்டும். யாரிடமிருந்து முதலில் பிடுங்கினாலும் அது பிடுங்கும் பழக்கத்தை வளர்க்கிறது.

ஹட்சன் ஆற்றின் 208 விநாடிகளுக்குச் சம்பளம் கணக்குப் போட்டால் சில டாலர்கள்தான் வரும். மணிக்கூலிக் கணக்கில் அவ்வளவுதான் அதன் மதிப்பு. அதற்கு முன்னாலிருந்த முப்பது வருடத்தில் ஒன்றுமே நடக்காத பல்லாயிரம் மணி நேரத்துக்கும், காத்திருப்புக்கும், பயிற்சிக்கும், முடியாது என்று சொன்ன நாட்களுக்கும் யாரோ சம்பளம் கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த 208 விநாடிகள் சாத்தியமாயின. அந்த அனுபவத்தைச் சேர்க்க ஒரு காசு போடாமல், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறது மலிவுக் கட்டண ஒப்பந்தம். இன்னும் கொஞ்ச காலத்துக்குக் கணக்கில் பழைய இருப்பு இருக்கிறது, ஓடும்.

'சல்லி' பாருங்கள், நல்ல படம். பார்த்து முடித்ததும் 2009 பிப்ரவரி 24ஆம் தேதிச் சாட்சியத்தையும் தேடிப் பாருங்கள். அதில் இசை இல்லை, ஆறு இல்லை. வெள்ளை மீசைக்காரர் ஒருவர் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்துத் தன் சம்பளம் எவ்வளவு குறைந்தது என்று வாசிக்கிறார். படத்தில் விட்டுப்போன காட்சி அதுதான்.